சிலுவைமுத்துவின் முழம்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
1917 ஜூன் 10

அன்புள்ள தம்பி சிலுவைமுத்துவுக்கு உன் அக்காள் இருதயம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இராயப்பர் புண்ணியத்தில் நான் சுகம். உன் மாமாவும் சுகம், இருமல் மட்டும் அவரை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் உடம்பு எப்படி என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

நீ யுத்த வேலைக்காகப் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறியதிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை. உலை வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய் நிற்கிறேன். திரும்பி வந்தால் சோறு குழைந்து கிடக்கிறது. எம்டன் கப்பல் வந்து குண்டு போட்ட அன்று பிடித்த வியாதி இது. துறைமுகத்தில் ஒரு சங்கிலி விழுந்தாலும் வாசலுக்கு ஓடுகிறேன். நீ எங்கே படுக்கிறாய், உன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்தாலாவது கொஞ்சம் அடங்குவேன்.

படகு ஆசாரியான நீ அங்கே ஆகாய விமானத்தைப் பழுது பார்க்கிறாய் என்று எழுதியிருந்தாய். அதை அப்படியே போய் அடைக்கலமேரி வீட்டில் சொன்னேன். சொன்னது தப்பாகப் போயிற்று. உன் வருங்கால மாமனார் ஸ்டானிஸ்லாஸ் மாமா துறைமுகத்து மேஸ்திரி என்ற மிடுக்கில் சிரித்தார். "இன்னாம்மா இருதயம், இரும்புல செஞ்ச பறவை அது. அதுல ஆசாரிக்கு இன்னா வேலை கீது? பையன் அங்க குழி வெட்டிகினு கீறான், உங்கிட்ட கதை வுடுறான். பொய் சொல்றவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றார். நிச்சயதார்த்தம் ஆன பெண்ணை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறார். வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகவும் காதில் விழுகிறது.

ஆகையால் அந்த விமானம் எப்படி இருக்கும் என்று அங்குலம் விடாமல் எழுது. நான் அதைச் சின்னதாகச் செய்து அவர் மேசைமேல் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். சிரிக்காதே. அப்பாவின் உளிப்பெட்டி இங்கேதான் இருக்கிறது. உன் கை முழத்துக்குச் சரியாக நீ அறுத்து வைத்த முழக்கோலையும் மறந்துவிட்டுப் போயிருக்கிறாய்.

உனக்காக ஜெபமாலை உருட்டும்,
இருதயம்மாள்


பஸ்ரா முகாம்
1917 ஜூலை 19

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சிலுவைமுத்து சொல்ல, காலடிப்பேட்டை வேலப்பன் எழுதியது. சர்வேசுரன் கிருபையால் சுகமாக இருக்கிறேன். வெயில்தான் மனிதனைப் பொரித்து எடுக்கிறது. (ஈயும் உண்டு. – வே.) உனக்கும் மாமாவுக்கும் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னேன்.

ஸ்டானிஸ்லாஸ் மாமாவிடம் சொல், இது இரும்பே இல்லை. மரமும் துணியும் பசையும்தான். எலும்பெல்லாம் மரம். அதன்மேல் துணியைப் போர்த்தித் தைத்து ஒரு பூச்சுப் பூசுகிறோம். கனிந்த வாழைப்பழம் மாதிரி மணக்கும், அதிகம் முகர்ந்தால் தலை சுற்றும். (சிலுவைமுத்து வேண்டுமென்றே முகர்கிறான். – வே.) பூச்சுக் காய்ந்தால் துணி மேளத்தோல் போல விறைத்துக்கொள்ளும். நம் மசூலாப் படகில் ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகையைத் தைக்கிறோமே, அந்த மாதிரி வேலைதான். எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

சண்டை போடுவதற்கென்றே செய்தது. ஒரே ஒரு ஆள் உட்காருவான். அவன் முகத்துக்கு நேரே துப்பாக்கி. மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் குச்சிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். முன்னால் ஒரு மர விசிறி சுற்றும். இறக்கை நீளம் ■■■■ அடி. உடல் ■■■■ அடி. விசிறி ■■■■.

என் கடிதங்களை எழுதித் தருகிற வேலப்பன் இங்கே சாமான் அறைக் குமாஸ்தா. நல்ல பையன், ஆனால் குள்ளன். என் தோளுக்குக் கீழேதான் நிற்பான். (தோளுக்குச் சமமாக. – வே.) அடைக்கலமேரியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
+ (சிலுவைமுத்துவின் குறி)


இராயபுரம்
1917 ஆகஸ்டு 26

அன்புள்ள தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே குறை ஒன்றுமில்லை. அவ்விடத்து ஈக்களும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது, அதில் பாதி மை. எந்த இடத்தில் எனக்கு எண் வேண்டுமோ அந்த இடத்தில் எல்லாம் பட்டாளத்துக் கடிதங்களைப் படித்துப் பார்க்கும் துரை கறுப்பு மையைப் பூசி வைத்திருக்கிறார். அதையும் நம்பி எடுத்துக்கொண்டு ஸ்டானிஸ்லாஸ் மாமாவிடம் போனேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மைக்குக் கீழ பொய்தான் கீது" என்றார். அடைக்கலமேரி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஒரு பழைய கட்டுமரத்துத் துண்டு வாங்கி வந்துவிட்டேன். கல்யாண முருங்கை, பஞ்சு போல இலேசு. அளவு இல்லாமல் உளியை வைக்க மனம் வரவில்லை, வைக்காமலும் இருக்க முடியவில்லை. மரத்தைத் தூக்கி இங்கே வைக்கிறேன், அங்கே வைக்கிறேன். உன் மாமா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்.

ஏதாவது வழி பார்.

இருதயம்மாள்


பஸ்ரா முகாம்
1917 அக்டோபர் 7

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சிலுவைமுத்து சொல்ல, வேலப்பன் எழுதியது. நான் சுகம், நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

வேண்டுதல் என்றதும் ஞாபகம் வருகிறது. மாதாவுக்கு ஒரு பூமாலை நேர்ந்திருக்கிறேன். நீதான் கட்டிச் சார்த்த வேண்டும். கைகளை விரித்தால் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குப் பதினேழு முழம் மாலை. தலையிலிருந்து பாதம் வரை பதினான்கு முழம். எல்லாம் என் கை முழம், அக்கா. பூக்காரி முத்தம்மா முழம் அல்ல, நினைவில் வைத்துக்கொள். மாதாவின் முகத்துக்கு முன்னால் ஒரு தாழம்பூ, இரண்டே மடல், எதிரும் புதிருமாகத் திருகியிருக்கும். அதன் அளவைப் பிறகு சொல்கிறேன். (எனக்கு உங்கள் கோயில் வழக்கம் தெரியாது. சொன்னதை எழுதினேன். – வே.)

அடைக்கலமேரிக்கு இப்போது யார் பூ வாங்கிக் கொடுக்கிறார்கள்? யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை என்று நீ எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். (இப்படி எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்கிறான். – வே.)

+


இராயபுரம்
1917 டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு, சேசு பிறந்த திருநாள் வாழ்த்துக்கள் முன்கூட்டியே. இங்கே பனியும் உன் மாமாவின் இருமலும் கைகோத்துக்கொண்டு வந்துவிட்டன. மற்றபடி சுகம்.

நம் கோயில் மாதா மூன்று முழத்துக்கு மேல் இல்லை. அவளுக்குப் பதினேழு முழம் மாலையா? நீ அங்கே வெயிலில் மூளை கலங்கிப் போனாய் என்றுதான் முதலில் அழுதேன். இரண்டாம் தரம் படித்தபோது விளங்கியது, விரித்த கைதான் இறக்கை. சிரித்த சிரிப்பில் உன் மாமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மை பூசும் துரை ஒரு சொட்டு மை கூடப் பூசவில்லை, பக்தியுள்ளவர் போலிருக்கிறது.

உன் முழக்கோலில் இருபத்துநாலு விரல் அளவு கோடு போட்டிருக்கிறாயே, அதையே வைத்துக்கொண்டேன். உன் முழம் ஒன்றுக்கு இங்கே ஒரு விரல். உடலை முருங்கை மரத்தில் செதுக்கிக் குடைந்துவிட்டேன். இறக்கைக்குள் இருக்கும் எலும்புக்குத் தென்னை ஈர்க்கு. துணி எங்கிருந்து தெரியுமா? அடைக்கலமேரி கோயிலுக்குப் போடும் முக்காட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். அப்பனுக்குத் தெரியாமல் தினம் வந்து தைக்கிறாள். வாழைப்பழப் பூச்சுக்கு நான் எங்கே போவேன்? கஞ்சி தடவினேன். காய்ந்ததும் துணி இழுத்த இழுப்பில் இறக்கை அப்பளம் போல முறுக்கிக்கொண்டது. பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தடவி, மேலே அம்மிக் குழவியை வைத்துக் காயவிட்டேன், நேராக நின்றது. கம்பிகளுக்குத் தூண்டில் நரம்பு. சக்கரத்துக்கு உன் மாமாவின் ரயில்வே கோட்டுப் பொத்தான். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நிச்சயதார்த்தத்தன்று நீ பூ வாங்கிய கதையை அவள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உன் கையால்தான் அளப்பேன் என்று அடம்பிடித்தாயாம். முத்தம்மா கூடையை மூடிக்கொண்டு, "இது கையா, படகுத் துடுப்பா? இந்தக் கையால அளந்தா நான் புள்ளகுட்டியோட பட்டினிதான்" என்று சத்தம் போட்டாளாம். அன்று வைத்த அவ்வளவு பூ அதற்கப்புறம் வைக்கவே இல்லை என்கிறாள். இதுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில்.

இன்னும் வேண்டியவை: மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடைவெளி. வாலில் இருக்கும் சின்ன இறக்கை. உடல் கட்டையாகத் தெரிகிறது, இன்னொரு தரம் அளந்து சொல். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தாழம்பூ. அது இல்லாமல் இது பறவையாகவும் இல்லை, படகாகவும் இல்லை. முதலில் அதை அள. நாளைக்கு என்று தள்ளிப் போடாதே. ஸ்டானிஸ்லாஸ் மாமா யாரோ சுங்க ஆபீசுப் பையனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அவசரத்தில்,
இருதயம்மாள்


இராயபுரம்
1918 பிப்ரவரி 17

தம்பி,

கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று, தபால்காரர் என்னைக் கண்டால் எதிர்ச் சந்தில் நுழைகிறார். நீ சுகமா?

விமானம் மூக்கில்லாமல் அலமாரிமேல் நிற்கிறது. நான் அதைத் தூக்கிப் பார்க்கிறேன், வைக்கிறேன். அடைக்கலமேரி வருகிறாள், தைக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். ஒரு வரி போடு. தாழம்பூ அளவுகூட வேண்டாம், ஒரு வரி போதும்.

அக்காள்


பஸ்ரா முகாம்
1918 மார்ச் 24

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சிலுவைமுத்து எழுதிக்கொண்டது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை அதிகமானதால் பதில் எழுத இயலவில்லை. மன்னிக்கவும்.

மாதாவின் மாலைக்கு நீ கேட்ட அளவுகள் பின்வருமாறு. தலை முதல் பாதம் வரை பதினைந்தரை முழம். மேல் மாலைக்கும் கீழ் மாலைக்கும் இடையே நான்கு முழம். பின்னால் சின்ன மாலை ஏழு முழம்.

இன்னொரு விஷயம். யுத்தம் முடிந்த பிறகும் இங்கேயே வேலையில் இருப்பதாகத் தீர்மானித்துவிட்டேன். ஆகையால் அடைக்கலமேரியின் வீட்டாரிடம் எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று தெரிவித்துவிடவும். அவர்கள் பார்க்கும் நல்ல இடத்தில் திருமணம் நடக்கட்டும். காரணம் கேட்க வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
சிலுவைமுத்து


இராயபுரம்
1918 ஏப்ரல் 28

சிலுவைமுத்துவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சுகத்துக்குக் குறைச்சல் வைக்க நீ இருக்கிறாய்.

காரணம் கேட்க வேண்டாமா? நான் கேட்பேன். அந்த ஊரில் எவளையாவது பார்த்துவிட்டாயா? பார்த்திருந்தால் ஆம்பிளையாக அதை எழுது. இந்தப் பெண் தன் முக்காட்டைக் கிழித்து உன் விமானத்துக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். நீ 'தெரிவித்துவிடவும்' என்கிறாய். எந்த வாயால் தெரிவிப்பேன்? தெரிவித்தேன். மறைத்து வைக்க எனக்குத் தெரியாது. அவள் ஊசியை விடவில்லை. வாலுக்குத் துணி தைத்து முடித்து, நூலைப் பல்லால் அறுத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஸ்டானிஸ்லாஸ் மாமா செப்டம்பரில் வரும் மாதா பிறந்தநாளுக்குள் கல்யாணத்தை முடித்துவிடுவேன் என்று தெருவில் எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறார்.

உன் அளவுகளும் உன்னைப் போலவே ஆகிவிட்டன. பழைய உடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீ புதிதாகச் சொன்ன பதினைந்தரைக்கு வேறு உடல் செதுக்கினேன். இப்போது வால் பெரியதாகி, இறக்கை மட்டும் கோழி இறக்கை போல நிற்கிறது. விமானம் வளருமா? போன வருஷம் பதினான்கு, இந்த வருஷம் பதினைந்தரையா?

வேலப்பன் ஏன் வாயைத் திறக்கவில்லை? நீ ஒரு வரி சொன்னால் அடைப்புக்குள் அவர் ஒரு வரி சொல்வாரே. உன் சிலுவைக் குறியைக் கூடக் காணோம். தாழம்பூவுக்கு அளவும் வரவில்லை.

எனக்கு எதுவும் நன்றாகப் படவில்லை. 

இருதயம்மாள்


இராயபுரம்
1918 மே 30

வேலப்பன் அவர்களுக்கு, சிலுவைமுத்துவின் அக்காள் இருதயம்மாள் எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் சம்சாரம் கெங்கம்மாளும் சுகம். நான் காலடிப்பேட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏன் போனேன் என்று சொல்கிறேன். அந்தக் கோழி இறக்கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடல் பெருத்திருந்தது, வாலும் அதற்குத் தகுந்தாற்போல் பெருத்திருந்தது. புது அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின, பழைய அளவோடு மட்டும் சண்டை போட்டன. அளந்தது தப்பென்றால் ஒன்று கூடும், ஒன்று குறையும். எல்லாம் ஒரே மாதிரி கூடினால் விமானம் மாறவில்லை, கைதான் மாறியிருக்கிறது, அதுவும் குட்டையான கை என்று எனக்குப் பட்டது. அப்போது அடுப்படியில் நின்றிருந்தேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஜட்கா பிடித்தேன்.

உங்கள் வீட்டு வாசலில் திரை தரையில் புரண்டு கிடந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் கெங்கம்மாளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு வாங்கினதும்மா. வாசப்படிய அவரு கையாலயே நாலு மொழம்னு அளந்துகினு போனாரு. கடைக்காரன் அவன் கையால நாலு மொழம் கிழிச்சிக் குடுத்தான். பாதி வாசலுக்கு, பாதி தரைக்கு. துணி நெறைய வந்துட்சின்னு இவரு தோஸ்துங்க கிட்டல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு."

அந்த வாசலை நான் ஒரு கயிற்றால் அளந்தேன். கயிற்றை நாலாக மடித்தேன். அதுதான் உங்கள் முழம். கெங்கம்மாள், "இன்னாம்மா, வூட்ட வெலக்கி வாங்கப் போறியா?" என்று கேட்டாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன், பாவம், பயந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அதைச் சிலுவைமுத்துவின் முழக்கோலோடு வைத்துப் பார்த்தேன். இரண்டரை விரல் குட்டை. மார்ச்சு மாதத்துக் கடிதத்தின் அளவுகளை எல்லாம் அந்தக் கயிற்றால் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பதினைந்தரை முழ உடல் அவன் முழத்தில் பதினான்குக்கே வந்து நின்றது. அளந்தது நீங்கள். அந்தக் கடிதமும் நீங்களாகவே எழுதியது. 'சிலுவைமுத்து சொல்ல' என்ற வார்த்தை அதில் இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன். பூக்காரியிடம்கூடத் தன் கையால்தான் அளப்பேன் என்று நின்றவன், விமானத்தை அளக்க உங்களை விடுவானா?

என் தம்பி உயிரோடு இருக்கிறானா?

இருந்தால் அவன் வலது முழங்கையிலிருந்து நுனி வரைக்கும் ஒரு நூலை வைத்து அளந்து, அறுத்து, கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். அவன் முழக்கோல் என்னிடம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். வார்த்தை வேண்டாம். உங்கள் வார்த்தையைப் பார்த்தாயிற்று. நூலை அனுப்புங்கள்.

இருதயம்மாள்


பஸ்ரா முகாம்
1918 ஜூலை 12

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சிலுவைமுத்து சொல்ல, வேலப்பன் எழுதியது. இந்த முறை நான்தான் சொல்கிறேன், சத்தியமாக. உயிரோடு இருக்கிறேன். உடம்பு தேறிவிட்டது.

நூல் உள்ளே இருக்கிறது. முழக்கோலோடு வைத்துப் பார்க்காதே என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. வலது கை மணிக்கட்டோடு சரி. ஜனவரியில் நடந்தது. அந்தத் தாழம்பூதான். எஞ்சின் நின்றிருந்தாலும் சூடு ஆறாமல் இருந்தால் விசிறி தானாக ஒரு தரம் உதைக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் கடிதங்களை வேலப்பன் படித்துக் காட்டினான். வேலப்பா, அளவை மட்டும் நீயே எடுத்து அனுப்பிவிடு, கையைப் பற்றி ஒரு எழுத்து எழுதினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நான்தான் அவனைக் கட்டிப்போட்டேன். (எட்டு நாள் சண்டை போட்டேன். பொய்க் கடிதம் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். என் கை குட்டை என்பது இப்படியா ஊருக்குத் தெரிய வேண்டும். – வே.)

நீ கேட்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன். நீ அளவு கேட்டாயே, அதற்காக நான் அங்கே போகவில்லை. எண்ணெய் துடைக்கத் துரை கூப்பிட்டார், போனேன். உன் கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. (இது உண்மை. – வே.)

இப்போது கருவி அறைக்குக் காவல் இருக்கிறேன். ஊருக்கு அனுப்புகிறோம் என்கிறார்கள். வந்து என்ன செய்வது, அக்கா? ஆசாரிக்குக் கை போனால் என்ன மிச்சம்? அடைக்கலமேரியை நான் ஏன் விடச் சொன்னேன் என்று இப்போது உனக்குத் தெரியும். எவளும் இல்லை, ஒருத்தியும் இல்லை. அவள் தலையில் வைத்த அவ்வளவு பூவை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். ஸ்டானிஸ்லாஸ் மாமா சொன்னபடி நடக்கட்டும். அவள் முக்காட்டைக் கிழித்ததற்கு மட்டும் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

கீழே இருக்கும் சிலுவை இடது கையால் நானே போட்டது. கோணலாகத்தான் வருகிறது.

+


இராயபுரம்
1918 ஆகஸ்டு 18

என் தம்பி சிலுவைமுத்துவுக்கு,

நான் சுகமா என்று கேட்காதே. நீ சுகம், அது போதும். உன் கடிதம் வந்த அன்று நூலைக் கையில் பிடித்துக்கொண்டு இராயப்பர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடந்தேன், திரும்ப நடந்தேன். அழுதேன். உன் மாமாவும் அழுதார், இருமல் என்று சொன்னார்.

வேலப்பன் அவர்களே, உங்கள் அடைப்புக்கள் எல்லாம் இவனை மறுத்துப் பேசத்தான் இதுவரை வந்தன. எண்ணெய் துடைத்த இடத்தில் மட்டும் ஆமாம் போடுகிறீர்கள். நான் கேட்க மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். உங்கள் இருவரையும் சர்வேசுரன் ஆசீர்வதிக்கட்டும்.

தூக்கிப் போட்டிருந்த பழைய உடலைத் தேடி எடுத்துத் துடைத்தேன். வாலையும் குச்சிகளையும் சரியான அளவுக்கு வெட்டினேன். விமானம் இப்போது விமானமாக நிற்கிறது. மூக்கில் விசிறி வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

அதையும் நூலையும் உன் முழக்கோலையும் எடுத்துக்கொண்டு ஸ்டானிஸ்லாஸ் மாமா வீட்டுக்குப் போனேன். எதையும் மறைக்காமல் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் விமானத்தைத் தூக்கினார். "கனமே இல்லியே" என்றார். ஈர்க்கை, நரம்பை, துணியை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "மரந்தாம்மா. பையன் பொய் சொல்லல. நான்தான் பேஜாரு பண்ணிட்டேன்" என்றார். விமானத்தை மெல்ல மேசைமேல் இறக்கி வைத்தார். கடைசியில், "ஆனா இருதயம், கை போன ஆசாரிக்கு நான் எப்படிம்மா பொண்ணு குடுக்கிறது? நீயே சொல்லு" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். 

அடைக்கலமேரி உள்ளேயிருந்து வந்தாள். மேசைமேல் கிடந்த நூலை எடுத்து முழக்கோலோடு சேர்த்துப் பிடித்தாள். நூல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கோலை நுனி வரைக்கும் பார்த்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு நூலைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். முழக்கோலை அப்பனிடம் நீட்டினாள்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். உடனே கப்பல் ஏறு.

"இன்னா நைனா கை போச்சின்றே? அவரு மொழம் முழுசா இங்கதானே கீது. அண்ணி, அவர வரச்சொல்லி எழுதுங்க. வந்ததும் இந்தக் கோல எடுத்துகினு முத்தம்மா கிட்ட பூ வாங்கப் போவட்டும். ஒரு விரக்கடை குறையாம அளந்துதான் வாங்கணும், சொல்லிட்டேன்."

உன் அக்காள்,
இருதயம்மாள்